போர்ட்டலை விடுங்க தம்பி, முதல்ல ரிப்போர்ட் எழுதினவருக்கு என்ன ஆச்சுன்னு பாருங்க

கேள்வி:

வணக்கம் மேடம். சாயப்பட்டறைகளுக்கு கழிவுநீர் சுத்திகரிப்பு பிளான்ட் கட்டித் தர்ற கம்பெனில புராஜெக்ட் இன்ஜினியரா இருக்கேன். ஆபீஸ் சென்னை, சைட் எல்லாம் திருப்பூர், பெருந்துறை பக்கம். ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு சைட்ல குளோரினை முறிக்கற எஸ்.பி.எஸ். (சோடியம் பைசல்ஃபைட்) மருந்தோட டோசிங் நின்னுபோய், குளோரின் தண்ணி நேரா ஆர்.ஓ.க்குள்ள போய், வடிகட்டற மெம்பிரேன் மொத்தமும் மாத்தற மாதிரி ஆச்சு. போன வருஷம் வேற சைட், வேற டீம், அதே தப்பு. ரெண்டாவது டீமுக்கு முதல் சம்பவம் நடந்ததே தெரியாது. இப்போ எம்.டி. நாலெட்ஜ் போர்ட்டல்னு ஒண்ணு ஆரம்பிச்சு என்னை கோஆர்டினேட்டரா போட்டிருக்கார். ஒவ்வொருத்தரும் மாசம் ரெண்டு 'லெசன்' இங்கிலீஷ்ல ஏத்தணும், பாயின்ட் உண்டு, கிஃப்ட் வவுச்சர் உண்டு. வர்றதெல்லாம் 'ஹெல்மெட் போடவும்', 'டாக்குமென்ட் சரிபார்க்கவும்' ரகம்தான். கமிஷனிங், அதாவது புது பிளான்ட்டை முதல்ல ஓட்டிக் காட்டற வேலை பாக்கற சீனியர் இன்ஜினியர் சீக்கிரம் ரிட்டயர் ஆகப்போறார், கேட்டா சிரிச்சுட்டு நகர்ந்துடறார். ஜூனியர் பசங்க கேக்கவே பயப்படறாங்க. முதல் சம்பவத்தை அப்படியே ரிப்போர்ட்டா எழுதிக் கொடுத்த சைட் இன்சார்ஜ் இப்போ ஸ்டோர்ஸ்ல இருக்கார், அவரும் வாயைத் திறக்கறதில்ல. நான் என்ன பண்றது?

(பெயர் வேண்டாம், சென்னை)

பதில்:

தம்பி, லெட்டர் பூரா போர்ட்டலைப் பத்தி எழுதிட்டு கடைசில போற போக்குல ஒரு வரி போட்டிருக்கீங்க, ரிப்போர்ட் எழுதினவர் ஸ்டோர்ஸ்ல இருக்கார்னு. நான் அங்கேருந்துதான் ஆரம்பிப்பேன். நடந்ததை மறைக்காம எழுதினவரை சைட்லேருந்து தூக்கி ஸ்டோர்ஸ்ல உக்கார வச்சாங்க இல்லையா, அன்னிக்கே உங்க கம்பெனில அத்தனை பேருக்கும் ஒரு பாடம் போய்ச் சேர்ந்தாச்சு, எந்த போர்ட்டலும் இல்லாம, வவுச்சரும் இல்லாம, ஒரே நாள்ல, டீ குடிக்கிற நேரத்துல. எழுதினா மாட்டுவோம்ங்கறதுதான் அந்தப் பாடம். அதுக்கப்புறம் போர்ட்டல்ல வந்து 'ஹெல்மெட் போடவும்'னு ஏத்தறவனை சோம்பேறின்னு நினைக்காதீங்க, அவன் நல்லா யோசிச்சுதான் ஏத்தறான், அதை எழுதினதுக்காக யாரையும் ஸ்டோர்ஸுக்கு மாத்த முடியாதே.

இது உங்க கம்பெனிக்கு மட்டும் வந்த வியாதியும் இல்ல. 1974 டிசம்பர் 1-ந்தேதி டி.டபிள்யூ.ஏ.ங்கற அமெரிக்க கம்பெனியோட 514-ம் நம்பர் விமானம் வாஷிங்டன் பக்கத்துல டல்லஸ் ஏர்போர்ட்டுக்கு இறங்கறப்போ வர்ஜீனியாவுல ஒரு மலைல மோதி 92 பேர் செத்துப்போனாங்க. கன்ட்ரோலர் 'அப்ரோச்சுக்கு க்ளியர்'னு சொன்னதை பைலட்டுங்க ஒரு மாதிரி எடுத்துக்கிட்டாங்க, கன்ட்ரோலர் மனசுல வேற இருந்துச்சு, சீக்கிரமே கீழ இறங்கிட்டாங்க. கொடுமை என்னன்னா, அதுக்கு ஆறு வாரம் முன்னாடிதான் யுனைடெட் ஏர்லைன்ஸ் விமானம் ஒண்ணு அதே இடத்துல, அதே குழப்பத்துல, அதே மலையை உரசாத குறையா தாண்டிப் போயிருக்கு. யுனைடெட் கம்பெனி தன் பைலட்டுங்களுக்கு மட்டும் ஜாக்கிரதைன்னு சொல்லி வச்சுது. வெளில இருந்த டி.டபிள்யூ.ஏ. பைலட்டுங்களுக்கு விஷயம் போகல. உங்க முதல் சைட்டும் ரெண்டாவது சைட்டும் இதே கதைதான், ஒரே கம்பெனிக்குள்ள நடந்திருக்கு, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதுக்கப்புறம் அவங்க என்ன பண்ணாங்கங்கறது உங்களுக்கு ரொம்ப முக்கியம். முதல்ல எஃப்.ஏ.ஏ., அதாவது அமெரிக்காவுல பைலட்டுங்களுக்கு லைசென்ஸ் கொடுக்கற, ஃபைன் போடற அதே ஆபீஸ், 'வந்து எங்ககிட்ட தப்பைச் சொல்லுங்க'ன்னு ஒரு திட்டம் போட்டுப் பாத்துச்சு. ஃபைன் போடறவன்கிட்டயே போய் எவன் சொல்லுவான். சரிப்பட்டு வரலைன்னதும் 1976-ல அந்த வேலையை நாசாகிட்ட கொடுத்தாங்க, ஏன்னா நாசாவுக்கு பைலட் மேல எந்த அதிகாரமும் கிடையாது. வர்ற ரிப்போர்ட்லேருந்து பேரு, அடையாளம் எல்லாத்தையும் எடுத்துடுவாங்க. தெரியாம பண்ண தப்பை பத்து நாளைக்குள்ள தானா எழுதிக் கொடுத்தா தண்டனையில சலுகை உண்டு. வேணும்னே பண்ணினது, கிரிமினல் விஷயம், நிஜமாவே விபத்து ஆனது, இதுக்கெல்லாம் அந்தச் சலுகை இல்ல. இந்த ஏற்பாடு இன்னைக்கும் ஓடிக்கிட்டு இருக்கு. கம்ப்யூட்டர் போர்ட்டல்ங்கற பேச்சே இல்லாத காலத்துல பேப்பர் ஃபார்ம்ல ஆரம்பிச்சது தம்பி. சொல்றவனுக்கு என்ன ஆகும்ங்கற கேள்விக்கு பதில் சொல்லிட்டுதான் ஃபார்மையே கைல கொடுத்தாங்க.

அதனால நீங்க முதல்ல போக வேண்டியது எம்.டி. ரூமுக்கு. போய் 'கல்ச்சர் சரியில்ல சார்'னு மட்டும் ஆரம்பிக்காதீங்க, எந்த எம்.டி.க்கும் அந்த வார்த்தை காதுல ஏறாது, இல்ல ஏறினா ஹெச்.ஆரைக் கூப்பிட்டு எல்லாருக்கும் ஒரு நாள் ட்ரெய்னிங், மத்தியானம் பிரியாணின்னு முடிச்சுடுவார். ரெண்டாவது சைட்டோட மெம்பிரேன் பில்லை எடுத்துட்டுப் போங்க, கஸ்டமர் எல்.டி.ன்னு, அதாவது ஒப்பந்தப்படி நஷ்ட ஈடா, எவ்வளவு பிடிச்சான்னு அதோட சேர்த்து எழுதிக்கங்க, முதல் சைட்லயே இது தெரிஞ்சிருந்தா இந்தத் தொகை மிச்சம் சார், அதை எழுதிக் கொடுத்தவர் ஸ்டோர்ஸ்ல இருக்கார், அதனாலதான் யாரும் எதையும் எழுத மாட்டேங்கறாங்கன்னு நேராவே சொல்லுங்க. கோபம் வரும். வரட்டும். கோபம் அடங்கினதும் ரெண்டு விஷயம் கேளுங்க. ஒண்ணு, இந்த மாதிரி ரிப்போர்ட்ல எழுதினது எதுவும் அப்ரைசல் ஃபைலுக்குள்ள போகக்கூடாது, இன்க்ரிமென்ட் பேசற இடத்துல அதைத் திறக்கக்கூடாது, அதை அவரே சர்க்குலரா போட்டு கையெழுத்து போடணும். இன்னொண்ணு, அந்த சைட் இன்சார்ஜைத் திரும்ப சைட்டுக்கு அனுப்பணும், அதுவும் எல்லாருக்கும் தெரியற மாதிரி. இந்த ரெண்டாவது நடந்தா முதலாவது பேப்பர்ல எழுதறதுக்கு முன்னாடியே ஆளுங்க நம்ப ஆரம்பிச்சுடுவாங்க.

'அப்படி விட்டா பொறுப்பில்லாம ஆயிடுவாங்களே'ன்னு எம்.டி. கேப்பார், எல்லா எம்.டி.யும் கேப்பாங்க. டோசிங் பம்ப் ஏர்லாக் ஆகி, காத்து அடைச்சு நின்னதை கவனிக்காம விட்டது வேற, குளோரின் டெஸ்ட் பண்ணாமலே லாக்ஷீட்ல குளோரின் இல்லைன்னு எழுதினது வேற. ரெண்டாவதுக்கு மெமோ கொடுங்க, யாரும் தப்பு சொல்ல மாட்டாங்க. முதலாவதுக்கு மெமோ கொடுத்தா, அடுத்த தடவைலேருந்து உங்களுக்கு ரெண்டாவதுதான் கிடைக்கும்.

இன்னொண்ணையும் அவர்கிட்ட முன்கூட்டியே சொல்லி வச்சுடுங்க, இல்லைன்னா ஆறு மாசத்துல உங்க தலைதான் உருளும். நிலைமை நல்லாக ஆரம்பிச்சா தப்புகளோட எண்ணிக்கை கூடுற மாதிரி தெரியும். ஏமி எட்மண்ட்சன்னு ஹார்வர்ட்ல ஒரு பேராசிரியை, அவங்க ஆராய்ச்சி ஆரம்பிச்ச காலத்துல ஆஸ்பத்திரி நர்ஸ் டீம்களை வச்சு மருந்து கொடுக்கறதுல வர்ற தப்பைப் பத்தி ஒரு ஸ்டடி பண்ணாங்க, 1996-ல வெளிவந்துச்சு. நல்ல டீம்ல தப்பு கம்மியா இருக்கும்னு எதிர்பாத்தா, நல்லா ஒத்துமையா வேலை பாக்கற டீம்லதான் தப்பு ஜாஸ்தியா பதிவாகியிருக்கு. தோண்டிப் பாத்தப்போதான் புரிஞ்சுது, அந்த டீம்ல மறைக்காம சொல்றாங்க, மத்த டீம்ல அமுக்கிடறாங்க. உங்க எம்.டி. டேஷ்போர்டுல கோடு மேல ஏறினதும் பதறுவார், அது ஏறத்தான் செய்யும் சார்னு இப்பவே எழுத்துல கொடுத்து வச்சுக்கங்க.

இப்போ இந்த பாயின்ட், வவுச்சர் விஷயம். நிறுத்தச் சொல்லுங்க. ஜெராக்ஸ் கம்பெனி இதைப் பாத்து முடிச்சாச்சு. மெஷின் ரிப்பேர் பண்ற டெக்னீஷியனுங்க எப்படி வேலை பாக்கறாங்கன்னு ஜூலியன் ஓர்னு ஒரு மானுடவியல்காரர் 1980-கள்ல அவங்க கூடவே சுத்தினார். மேனுவல்ல இருக்கிற எர்ரர் கோடை வச்சு சரியாகாத மெஷினை, ரெண்டு பேர் அது முன்னாடி உக்காந்து பழைய கதை பேசிப் பேசியே கண்டுபிடிக்கிறாங்க, 'அன்னிக்கு அங்க இப்படி ஆச்சே, ஞாபகம் இருக்கா'ன்னு. அந்தப் பேச்சை கம்பெனி முழுக்க எப்படிப் பரப்பலாம்னு யோசிச்சுதான் பின்னாடி யுரேக்கான்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, முதல்ல பிரான்ஸ்ல. ஒரு டெக்னீஷியன் ஒரு டிப் எழுதினா அதை இன்னொரு டெக்னீஷியன்தான் சரியான்னு பாப்பார், பாஸ் ஆனா எழுதினவர் பேரோட உள்ள போகும். மேனேஜ்மென்ட் காசு கொடுக்கலாம்னு சொன்னப்போ வேண்டாம்னது அந்த டெக்னீஷியனுங்கதான், காசு வந்தா எல்லாரும் எண்ணிக்கையைத்தான் பாப்பான், தரம் போயிடும்னு. பேரு போட்டா போதும்னாங்க. கூட வேலை பாக்கறவன் நம்ம பேரைப் பாத்து 'இவன் எழுதினா சரியா இருக்கும்'னு நினைக்கிறதுல ஒரு கெத்து இருக்கு தம்பி, அதுக்கு ஐநூறு ரூபா வவுச்சர் ஈடாகாது, சொல்லப்போனா வவுச்சரைக் காட்டினா அந்த கெத்தே கொஞ்சம் கொச்சையாயிடும்.

அப்போ ரிப்போர்ட்ல பேரை எடுக்கணும்னு சொன்னீங்க, டிப்ல பேரைப் போடணும்னு சொல்றீங்களேன்னு கேப்பீங்க. ரெண்டும் வேற வேற சரக்கு. 'என் சைட்ல இப்படி ஆகிப்போச்சு'ங்கறதுல பேரு வேண்டாம். 'இப்படிப் பண்ணினா சரியாகுது'ங்கறதுல பேரு அவசியம். உங்க போர்ட்டல்ல ரெண்டையும் ஒரே ஃபார்ம்ல கேட்டு, கட்டாயமா பேரும் எம்ப்ளாயி நம்பரும் போடச் சொல்லியிருப்பாங்க, அடிச்சுச் சொல்றேன்.

அடுத்து இங்கிலீஷ். எனக்கு இதுல கொஞ்சம் கோபமே உண்டு, பொறுத்துக்கங்க. உங்க பிளான்ட்ல எந்த பம்ப் எப்போ சத்தம் மாறும், எந்த சாயம் ஓடுற வாரத்துல எவாப்பரேட்டர்ல உப்பு சீக்கிரமா படியும்னு தெரிஞ்சவன் யாரு? பெருந்துறைல ஷிஃப்ட் பாக்கற ஆபரேட்டர். ஐ.டி.ஐ. முடிச்ச ஃபிட்டர். ஒடிசாவுலேருந்து வந்து பைப் வெல்டிங் பண்ற பையன். அவங்கள்ல எத்தனை பேருக்கு போர்ட்டல் லாகின் இருக்கு? லாகின் இருந்தாலும் 'ரூட் காஸ்', 'கரெக்டிவ் ஆக்ஷன்'னு கட்டம் கட்டமா இங்கிலீஷ்ல நிரப்பச் சொன்னா, எழுதத் தெரியாதுன்னு ஆபீஸ்ல சிரிப்பாங்கன்னு ஒதுங்கிடுவாங்க, கடைசில எழுதறது யாருன்னா சைட்டுக்கே போகாத, இங்கிலீஷ் நல்லா வர்ற ஆபீஸ் பையன், அவன்தான் ஹெல்மெட் போடச் சொல்லிக்கிட்டு இருப்பான். நம்ம ஊர்ல இன்ஜினியரிங் கம்பெனிகள்ல தெரிஞ்சவன் ஒரு பக்கம், எழுத முடிஞ்சவன் ஒரு பக்கம்னு ரெண்டா பிரிஞ்சு கிடக்கு, இதை யாரும் பிரச்சினைன்னே பாக்கறதில்ல. வாய்ஸ் நோட் வாங்குங்க. தமிழ்ல பேசட்டும், ஹிந்தில பேசட்டும். ஜூனியர் பசங்ககிட்ட கொடுத்து நாலு வரியா எழுதி, பேசினவர்கிட்டயே திருப்பிப் படிச்சுக் காட்டச் சொல்லுங்க, 'அண்ணே, நீங்க சொன்னது இதுதானே'ன்னு. இதுல ஜூனியரும் கத்துக்குவான், கேக்கறதுக்கு அவனுக்கு ஒரு சாக்கும் கிடைக்கும், 'இது கூட தெரியாதா'ன்னு யாரும் கேக்க முடியாது, ஏன்னா கேக்கறதுதான் அவன் வேலை.

இப்போ உங்க சீனியர். அவரைப் பத்தி எழுதறப்போ உங்க எழுத்துல லேசா ஒரு சலிப்பு தெரியுது, எதையோ பதுக்கி வச்சிருக்கார்ங்கற மாதிரி. அவர் இடத்துல உக்காந்து பாருங்க. இத்தனை வருஷத்துல கூட இருந்தவங்கள்ல எத்தனை பேரை 'தெரிஞ்சதைச் சொல்லிக் கொடுத்துட்டுப் போங்க'ன்னு சொல்லி வெளில அனுப்பினதை அவர் பாத்திருப்பார்? சொல்லிக் கொடுத்து முடிச்ச அடுத்த மாசமே சம்பளம் பாதி வாங்கற பையன் அந்த நாற்காலில உக்காந்திருப்பான். தலைல இருக்கறதுதான் அவரோட பி.எஃப்., அதை ரிட்டயர்மென்ட்டுக்கு முன்னாடியே இனாமா கொடுன்னா சிரிச்சுட்டு நகரத்தான் செய்வார். அதனால வரிசையை மாத்துங்க. ரிட்டயர்மென்ட்டுக்கு அப்புறம் மாசம் இத்தனை நாள் கன்சல்டன்ட்டா வாங்க, இத்தனை ரூபாய், இத்தனை வருஷம்னு முதல்ல பேப்பர்ல கையெழுத்தாகட்டும், சொல்லிக் கொடுக்கற பேச்சு அதுக்கப்புறம். 'பாத்துக்கலாம் சார், உங்களை விட்டுடுவோமா'ங்கற வாய்வார்த்தை அவர்கிட்ட செல்லாது, அவர் அந்த மாதிரி நிறையக் கேட்டவர்.

கையெழுத்தான பிறகும் அவரை கான்ஃபரன்ஸ் ரூம்ல உக்கார வச்சு, கேமராவை வச்சு, தெரிஞ்சதைச் சொல்லுங்கன்னா ஒண்ணும் வராது. அவர் மனசு வச்சாலும் வராது, ஏன்னா தனக்கு என்ன தெரியும்னு அவருக்கே முழுசா தெரியாது. இதுக்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கு. அமெரிக்காவுல டபிள்யூ76-னு ஒரு அணுகுண்டுக்குள்ள வைக்கிற பொருள், அதுக்கு ஃபாக்பேங்க்னு பேரு, அது என்னங்கறது இன்னைக்கும் ரகசியம். டென்னசில ஓக் ரிட்ஜ்ல 1989 வரைக்கும் தயாரிச்சுட்டு, நிறுத்திட்டு, அந்த பிளான்ட்டையே கலைச்சுட்டாங்க. 2000-க்கு அப்புறம் குண்டுகளைப் புதுப்பிக்கணும்னு திரும்பத் தயாரிக்கப் பாத்தா வரல. பழைய ரெக்கார்டு கொஞ்சம்தான், ஆளுங்க ரிட்டயர் ஆயிட்டாங்க. புது பிளான்ட் கட்டி, பழைய முறையை அப்படியே பண்ணியும் சரியா வரல. கடைசில கண்டுபிடிச்சது என்னன்னா, பழைய காலத்துல மூலப்பொருள்ல ஒரு அசுத்தம் இருந்திருக்கு, இப்போ நவீனமா சுத்தம் பண்றதுல அது போயிடுச்சு, ஆனா சரக்கு சரியா வர்றதுக்கு அந்த அசுத்தம்தான் காரணமாம். அந்தக் காலத்துல தயாரிச்சவங்களுக்கே அது தெரியாது. அவங்களை உக்கார வச்சு எத்தனை மணி நேரம் வீடியோ எடுத்திருந்தாலும் அது வந்திருக்காது.

அதனால அவர் பின்னாடி ஒரு ஆளை நடக்க விடுங்க. அடுத்த கமிஷனிங்ல ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் ஒரு ஜூனியர் அவர் கூடவே இருக்கட்டும், வேற வேலை கொடுக்காதீங்க, 'கூடவே இருந்துக்கிட்டு இந்த இன்னொரு வேலையையும் பாத்துடு'ன்னு சொன்னீங்கன்னா அவன் அந்த வேலையைத்தான் பாப்பான். எஸ்.பி.எஸ். டேங்க் கிட்ட போனதும் மூடியைத் திறந்து மோந்து பாத்துட்டு 'இதைக் கொட்டிட்டு புதுசா கரைங்க'ன்னு சொல்லுவார் இல்லையா, அங்கதான் கேக்கணும், ஏன் சார்னு. கரைச்சு வச்சது நாளாக நாளாக வீரியம் குறைஞ்சுடும், பம்ப் ஓடிக்கிட்டே இருக்கும், ஸ்ட்ரோக் கரெக்டா இருக்கும், உள்ள போறது பாதி தண்ணிதான்னு அப்போ சொல்லுவார். இந்த வாக்கியம் உங்க போர்ட்டல்ல எந்தக் கட்டத்துலயும் வந்திருக்காது. தீபாவளிக்கு பிளான்ட் பத்து நாள் நிக்கறப்போ மெம்பிரேனுக்குள்ள என்ன தண்ணியை விட்டுட்டுப் போகணும், திரும்ப வந்து ஸ்டார்ட் பண்றப்போ முதல் தண்ணியை எவ்வளவு நேரம் வெளில விடணும், இதெல்லாம் அந்த நேரத்துல, அந்த இடத்துல நின்னாதான் வாயிலேருந்து வரும். அப்புறம் அவர்கிட்ட 'உங்க அனுபவம் சொல்லுங்க சார்'னு கேக்காதீங்க, 'உங்களை ரொம்பப் படுத்தின பிளான்ட் எது சார்'னு கேளுங்க. நேரம் போறதே தெரியாமப் பேசுவார்.

இங்க ஒண்ணு சொல்லணும், நீங்க கேக்கல, ஆனா சொல்லாம விட முடியல. சைட்ல உண்மையான பேச்செல்லாம் எங்க நடக்கும்? ராத்திரி கெஸ்ட் ஹவுஸ்ல, தண்ணி போடற இடத்துல. நான் கமிஷனிங்ல இருந்த காலத்துல ஆம்பளைங்க எல்லாரும் காலைல வர்றப்போ ஒரு முடிவோட வருவாங்க, லைன் மாத்தறோம், பைபாஸ் வைக்கிறோம்னு, எப்போ பேசினாங்கன்னு பாத்தா நேத்து ராத்திரி. எனக்கு அங்க இடம் கிடையாது, யாரும் வேணும்னு விலக்கல, தோணவே இல்ல அவங்களுக்கு, அவ்வளவுதான். இன்னைக்கு உங்க டீம்ல பொண்ணுங்க இருப்பாங்க, குடிக்காத பசங்க இருப்பாங்க, வேற ஷிஃப்ட்ல இருக்கறவங்க, தமிழ் தெரியாதவங்க இருப்பாங்க. அத்தனை பேருக்கும் அந்த அறிவு போய்ச் சேராது, பின்னாடி 'அந்தப் பொண்ணுக்கு சைட் அனுபவம் பத்தல'ன்னு அப்ரைசல்ல எழுதுவாங்க. சாயங்காலம் நாலு மணி டீயை கன்ட்ரோல் ரூமுக்கு வரவச்சு, அங்க கால்மணி நேரம் நின்னு பேசுங்க, இன்னைக்கு என்ன படுத்துச்சு, நாளைக்கு எதைத் தொடப்போறோம்னு. சின்னவங்க முதல்ல பேசட்டும், சைட் இன்சார்ஜ் கடைசில பேசட்டும், அவர் முதல்ல வாயைத் திறந்தா மத்தவங்க 'ஆமா சார்' தவிர ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

வாட்ஸப் குரூப்ல எல்லாம் பேசிக்கறோம்னு உங்க ஆளுங்க சொல்லுவாங்க. பேசறது நல்லதுதான், ஆனா அங்கேயே நின்னா ஆபத்து. 1999 செப்டம்பர் 23-ந்தேதி மார்ஸ் க்ளைமேட் ஆர்பிட்டர் செவ்வாய்க்கிட்ட போய் தொலைஞ்சுது, ஒரு டீமோட சாஃப்ட்வேர் பவுண்ட் கணக்குல கொடுத்த எண்ணை இன்னொரு டீம் நியூட்டன் கணக்குன்னு எடுத்துக்கிட்டது, இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. தெரியாத பாதி என்னன்னா, பாதை லேசா இடிக்குதேன்னு நேவிகேஷன் ஆளுங்களுக்கு முன்னாடியே சந்தேகம் வந்திருக்கு, ஈமெயில்ல பேசியிருக்காங்க, ஆனா அதுக்குன்னு இருந்த முறையான ஃபார்ம்ல ஏத்தல. ஈமெயில்ல இருந்தது ஈமெயிலோட போச்சு. உங்க குரூப்லயும் 'குட் மார்னிங்' படத்துக்கும் பொங்கல் வாழ்த்துக்கும் நடுவுல முதல் சைட்டோட டோசிங் பம்ப் போட்டோ எங்கேயோ கிடக்கும், தேடிப் பாருங்க.

எங்க கொண்டுபோய் வைக்கிறதுன்னா, இதுதான் நான் சொல்றதுலயே உடனே பண்ணக்கூடியது, எம்.டி. பர்மிஷன்கூட பெருசா தேவையில்ல. போர்ட்டலை யாரும் தேடிப்போய்ப் படிக்க மாட்டாங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு கமிஷனிங்ல நிக்கறவன் லாகின் போட்டு 'லெசன்ஸ்' படிப்பானா? அவன் கைல இருக்கறது பைப், பம்ப், மீட்டர் எல்லாம் காட்டற பி அண்ட் ஐ.டி. ட்ராயிங், கமிஷனிங் செக்லிஸ்ட், பிளான்ட்டை ஓட்டற பி.எல்.சி. ஸ்கிரீன், இந்த மூணுதான். பாடம் அதுக்குள்ள போய் உக்காரணும். ஆர்.ஓ.வுக்கு முன்னாடி, தண்ணில குளோரின் மிச்சம் இருக்கான்னு காட்டிக்கொடுக்கற ஓ.ஆர்.பி. மீட்டர் போட்டு, அளவு தாண்டினா ஹை பிரஷர் பம்ப் தானா ட்ரிப் ஆகற மாதிரி இன்டர்லாக் இருக்கா உங்க பிளான்ட்ல? ரெண்டு சைட்லயும் மெம்பிரேன் போனதைப் பாத்தா ஒண்ணு மீட்டரே இல்ல, இல்லைன்னா மீட்டர் இருந்தும் அலாரம் மட்டும் அடிச்சிருக்கும், இல்ல கமிஷனிங்ல தொந்தரவா இருக்குன்னு யாரோ பைபாஸ் பண்ணியிருப்பாங்க. அந்த ட்ரிப்பை உங்க ஸ்டாண்டர்டு டிசைன்லயே சேருங்க, பைபாஸ் போட்டா ஸ்கிரீன்ல சிவப்பா தெரியணும், ஹேண்டோவருக்கு முன்னாடி பைபாஸ் லிஸ்ட் காலியான்னு செக்லிஸ்ட்ல ஒரு வரி. அதை டிசைன் டீம்கிட்ட கொண்டு போறப்போ ஸ்டோர்ஸ்ல இருக்கிறவரையும் கூட்டிட்டுப் போங்க, எங்க என்ன ஆச்சுன்னு அவர் வாயால சொல்லட்டும், ட்ராயிங்ல ரிவிஷன் நோட்ல அவர் இனிஷியல் வரட்டும். நூறு பேர் நூறு லெசன் ஏத்தறதை விட எனக்கு இந்த ஒரு இன்டர்லாக் மேல நம்பிக்கை ஜாஸ்தி.

ஏத்தின லெசன் எத்தனைன்னு மாசா மாசம் எம்.டி. கேட்டா, அந்த எண்ணுக்கு பதிலா ஒண்ணு காட்டுங்க: இந்த மாசம் எந்த ட்ராயிங் மாறிச்சு, எந்த செக்லிஸ்ட்ல எந்த வரி சேர்ந்துச்சு, யார் சொன்னதால சேர்ந்துச்சு. ரெண்டு இருந்தா போதும். எதுவுமே மாறலைன்னா அந்த மாசம் ஏத்தினதெல்லாம் குப்பைன்னு அர்த்தம், அதையும் தயங்காம சொல்லிடுங்க.

எம்.டி. எதுக்குமே ஒத்துக்கல, சர்க்குலரும் முடியாது, சைட் இன்சார்ஜும் ஸ்டோர்ஸ்லயேதான் இருப்பார்னு சொன்னா? அப்போ அந்த கோஆர்டினேட்டர் பதவியை மரியாதையா திருப்பிக் கொடுத்துடுங்க. கொடுக்க முடியாத சூழ்நிலைன்னா போர்ட்டல்ல ஒரு குறைஞ்சபட்சம் ஏதோ ஓடவிட்டுட்டு, உங்க சொந்த புராஜெக்ட் டீமுக்குள்ள மட்டும் நான் சொன்னதைப் பண்ணுங்க, நாலு மணி டீ, செக்லிஸ்ட், சீனியர் பின்னாடி ஒரு ஆள். ஆனா ஒரு விஷயத்துல கவனமா இருங்க, பாதுகாப்புக்கு உறுதி இல்லாத நேரத்துல ஜூனியர் பசங்ககிட்ட 'தைரியமா எழுதுங்க, நான் பாத்துக்கறேன்'னு மட்டும் சொல்லாதீங்க. உங்களால பாத்துக்க முடியாது. எழுதினவன் மாட்டுவான், நீங்க ஸ்டோர்ஸ்ல இன்னொரு நாற்காலி போட்ட மாதிரி ஆயிடும்.

சீனியரோட ரிட்டயர்மென்ட் தேதி என்னன்னு லெட்டர்ல எழுதல. இன்னைக்கே ஹெச்.ஆர்.கிட்ட கேளுங்க. அந்தத் தேதிக்கு முன்னாடி ஒரு முழு கமிஷனிங்கும், ஒரு தீபாவளி ஷட்டவுனும் வருதான்னு பாருங்க, வரலைன்னா அந்த கன்சல்டன்ட் பேப்பரை எம்.டி. மேஜைல வைக்கறதுதான் நாளைக்கு காலைல உங்க முதல் வேலை, மத்ததெல்லாம் அப்புறம்.